தவறாகப் போன முதலீட்டிலிருந்து சிறுதொழில் செய்பவர் எதைக் கற்க வேண்டும்?

கோவையில் லேத் பட்டறை நடத்தும் ஒருவர் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். பம்பு உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம் தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னதை நம்பி, 14 மாதங்களுக்கு முன்பு அவர் 30 லட்சம் ரூபாய்க்கு ஒரு வி.எம்.சி. மெஷின் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) வாங்கினார். ஏழரை லட்சம் கைப்பணம். மீதி இருபத்திரண்டரை லட்சம் 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு வங்கிக் கடன். எட்டு மாதம் வேலை வந்தது, பிறகு அந்த நிறுவனம் வேலையை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டது. இப்போது சில்லறை ஜாப் ஒர்க் (பிறருக்குக் கூலிக்குச் செய்து தரும் வேலை) மட்டும் கிடைத்து, மெஷின் மாதம் 110 மணி நேரம் ஓடுகிறது. ஒருவர் 19 லட்சத்துக்குக் கேட்கிறார். "விற்றால் 11 லட்சம் நட்டம், வைத்திருந்தால் மாதா மாதம் நட்டம். இனிமேல் கடன் வாங்கி எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இதுதான் நான் கற்க வேண்டிய பாடமா?" என்று கேட்கிறார்.

சிறு பட்டறைகளின் கணக்குகளை நீண்ட காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், அது சரியான பாடம் இல்லை என்றே சொல்வேன். உங்கள் நட்டத்துக்குக் காரணம் கடன் வாங்கியது அன்று. கடன் வாங்கிய நாளில் சில விஷயங்கள் நடக்கும் என்று நம்பினீர்கள். அவற்றில் சிலவற்றை அன்றே சரிபார்த்திருக்க முடியும். எதைச் சரிபார்த்திருக்க முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கற்பது. அதைச் செய்யாமல் "கடன் கூடாது", "யாரையும் நம்பக் கூடாது" என்று பொதுவாக ஒரு முடிவுக்கு வந்தால், அடுத்த முறை நல்ல வாய்ப்பையும் சேர்த்துத் தள்ளிவிடுவீர்கள். ஆனால் அதற்கு முன்பு, இன்று உங்கள் முன்னால் இருக்கும் மெஷினை என்ன செய்வது என்ற அவசரக் கேள்விக்கு விடை தேட வேண்டும்.

விற்பதா, வைத்திருப்பதா என்று யோசிக்கும்போது 30 லட்சம் என்ற எண்ணை முழுவதுமாக ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தப் பணம் செலவாகிவிட்டது, எந்த முடிவை எடுத்தாலும் அது திரும்பி வராது. இப்படிச் சொல்வது எளிது, மனம் ஏற்பது கடினம். 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஓஹியோ பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்து நாடகங்கள் அனைத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 2 டாலர் தள்ளுபடியிலும், சிலருக்கு 7 டாலர் தள்ளுபடியிலும், யாருக்கு எது என்று தேர்ந்தெடுக்காமல் கலந்து கொடுத்தார்கள். நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றே. ஆனாலும் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த பணத்தை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம், இனி நடக்க வேண்டியதைத் தீர்மானித்துவிட்டது. பட்டறையில் இதே எண்ணம்தான் "போட்ட பணத்தை எடுக்கும் வரை விற்க மாட்டேன்" என்று வெளிப்படுகிறது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இன்று உங்கள் கையில் 19 லட்சம் இருக்கிறது, மெஷின் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 110 மணி நேர வேலை மட்டுமே தெரிந்த நிலையில், இதே பழைய மெஷினை 19 லட்சம் கொடுத்து வாங்குவீர்களா? நீங்கள் தந்த எண்களை வைத்தே பார்க்கலாம். மணிக்கு 400 ரூபாய் கூலி. மின்சாரம், இன்செர்ட் (வெட்டும் முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), ஆயில் என்று மணிக்கு 80 ரூபாய் போனால் 320 ரூபாய் மிஞ்சுகிறது. 110 மணி நேரத்துக்கு 35,200 ரூபாய். அதில் ஆப்பரேட்டர் சம்பளம் 24,000 கழிந்தால், வாடகைப் பங்கையும் காப்பீட்டையும் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே 11,200 ரூபாய்தான் கையில் நிற்கும். ஆண்டுக்கு 1,34,400 ரூபாய் என்பது 19 லட்சத்தில் சுமார் 7 சதவீதம். நீங்கள் வங்கிக்குக் கட்டுவதோ 11 சதவீதம். இதற்கிடையில் மெஷினின் மறுவிற்பனை விலை வேறு இறங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்று வைத்து, 19 லட்சத்துக்கான வட்டியையும் சேர்த்தால், வைத்திருப்பது நியாயமாவதற்கு மாதம் 195 மணி நேரமாவது மெஷின் ஓட வேண்டும். செட்டிங், காத்திருப்பு எல்லாம் போக ஒரு ஷிஃப்டில் உண்மையாகக் கிடைப்பது 150 மணி நேரம் அளவில்தான். அந்த வித்தியாசத்தை நிரப்பும் வேலை எழுத்தில் உறுதியாக வந்தால் வைத்திருங்கள். வராவிட்டால் விற்பதே மேல் என்பது என் கருத்து.

விற்கும் முன்பு இரண்டு விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, 19 லட்சம் என்பது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பது. 18 சதவீத வரியும் அதற்குள் அடக்கம் என்றால் உண்மையான விலை 16.10 லட்சம்தான், 14 தவணை கட்டிய பிறகு உங்கள் கடன் பாக்கி ஏறத்தாழ 18.3 லட்சமாக இருக்கும் என்பதால், இந்த வேறுபாடு சாதாரணமானது அன்று. இரண்டாவது, மெஷின் வாங்கியபோது 30 லட்சத்துக்கு மேல் கட்டிய 5.40 லட்சம் வரியை உள்ளீட்டு வரி வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்திருப்பீர்கள். அப்படி எடுத்த மெஷினை விற்கும்போது, அந்த வரவில் காலாண்டுக்கு 5 சதவீதம் வீதம் கழித்து மிஞ்சும் தொகை, விற்பனை விலை மீதான வரி ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைச் செலுத்த வேண்டும். உங்கள் விஷயத்தில் 14 மாதம் ஐந்து காலாண்டாகக் கணக்கிடப்படும். 25 சதவீதம் கழிந்து 4.05 லட்சம் வரும். 19 லட்சம் வரி சேர்க்காத விலை என்றால், அதன் மீது வாங்குபவர் தரும் வரி 3.42 லட்சம். இடையிலுள்ள 63,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் கடன் பத்திரத்தில் பாருங்கள், இறுதித் தொகையை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எந்த முடிவை எடுத்தாலும், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே, 30 நாள், 60 நாள் என்று வங்கி அதை அழுத்தத்திலுள்ள கணக்காக வகைப்படுத்தத் தொடங்கிவிடும். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் மீட்புக்கென்று ரிசர்வ் வங்கி 2016-இல் அறிவித்த நடைமுறையின்படி, நெருக்கடி வரப்போகிறது என்று தெரிந்தால் தொழில் நடத்துபவரே முன்வந்து விண்ணப்பிக்கலாம். தவணைக் காலத்தை நீட்டுவது போன்ற வழிகளை வங்கியின் குழு பரிசீலிக்கும். பலர் வங்கி மேலாளரைப் பார்க்கக் கூச்சப்பட்டு, வீட்டு நகையை அடகு வைத்து நான்கைந்து தவணை கட்டிவிட்டு, அதற்குப் பிறகு போகிறார்கள். அந்த நகை அந்த மெஷினுக்காகப் போயிருக்க வேண்டியதே இல்லை என்பதை அவர்களுடைய கணக்கைப் பார்க்கும்போது மிகுந்த வருத்தத்தோடு உணர்ந்திருக்கிறேன்.

இனி, கற்க வேண்டியது எது என்ற உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஒரு முடிவின் தரமும் அதன் விளைவும் ஒன்றல்ல. 2020 பிப்ரவரியில், கையில் உறுதியான ஆர்டர்களை வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு மெஷின் வாங்கியவருக்கு மார்ச் மாத ஊரடங்கில் எல்லாம் நின்றுபோயிருக்கும். அவர் எடுத்த முடிவு தவறு என்று சொல்ல முடியாது. மாறாக, கண்காட்சியில் "இன்று புக் செய்தால் இந்த விலை" என்று விற்பனையாளர் சொன்னதற்காகவே வாங்கியவருக்கு அந்த ஆண்டு சந்தை நன்றாக இருந்து மெஷின் இரவு பகலாக ஓடியிருக்கலாம். அவர் எடுத்தது மோசமான முடிவு, வந்தது நல்ல விளைவு. இந்த இரண்டாமவர் நிலைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது, ஏனென்றால் அதே முறையில் இன்னும் பெரிய தொகைக்கு அவர் அடுத்த முடிவை எடுப்பார். எனவே நட்டத்தின் அளவைப் பார்த்துப் பாடம் தேடாமல், முடிவெடுத்த நாளில் உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரிந்துகொள்ள முடிந்திருக்கும் என்று பாருங்கள்.

உங்கள் முடிவுக்குள் குறைந்தது நான்கு நம்பிக்கைகள் இருந்தன. வேலை வரும் என்பது முதல் நம்பிக்கை. அதற்கு உங்களிடம் இருந்த ஆதாரம் வாய்ச்சொல்லும், நீங்கள் சொல்லும் ஒரு ரேட் கான்ட்ராக்டும்தான். ரேட் கான்ட்ராக்ட் என்பது வேலை கொடுத்தால் என்ன விலை என்று சொல்லும் தாள். எவ்வளவு வேலை கொடுப்போம் என்று அது சொல்வதில்லை. மாதம் இத்தனை எண்ணிக்கை, இத்தனை மாதம் என்று குறித்த பர்ச்சேஸ் ஆர்டர் கேட்டிருக்கலாம். கொடுக்க மறுத்தால் அதுவே ஒரு தகவல். ஃபிக்சர் (பாகத்தை மெஷினில் பிடித்து நிறுத்தும் சாதனம்) செலவில் பாதியை ஏற்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். தன் பணத்தையும் போட்ட வாடிக்கையாளர் எளிதில் வேறிடம் போவதில்லை. இதைக் கேட்டால் வேலையே கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் 30 லட்சத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பயப்படுவதைவிட, கேட்பதற்குப் பயப்படும் அந்தக் கட்டத்திலேயே விஷயம் தெளிவாகிவிடுவது நல்லது.

இரண்டாவது நம்பிக்கை, வேலை வந்தால் கட்டுபடியாகும் என்பது. இதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் வாடிக்கையாளர் போகாமல் இருந்திருந்தாலும் இந்தக் கணக்கு உதைத்திருக்கும். உங்கள் கடனுக்கு மாதத் தவணை சுமார் 48,900 ரூபாய். ஆப்பரேட்டருக்கு 24,000, வாடகைப் பங்கு, காப்பீடு, மின்சார நிலைக்கட்டணம் எல்லாம் சேர்த்து 10,000. ஆக மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 82,900 ரூபாய் வெளியே போகிறது. மணிக்கு 320 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், இதை ஈடுகட்ட 259 மணி நேரம் ஓட வேண்டும். ஒரு ஷிஃப்டில் அது நடக்காது. இரண்டாவது ஷிஃப்ட் போட்டால் இன்னொரு ஆப்பரேட்டர் சம்பளம் சேர்ந்து, தேவைப்படும் நேரம் 334 மணியாக உயர்கிறது. இரண்டு ஷிஃப்டிலும் சேர்த்து உண்மையாகக் கிடைப்பதோ 300 மணி அளவில்தான். அதாவது 400 ரூபாய் கூலிக்கு, வேலை நிரம்பி வழிந்தாலும், கடன் முடியும் வரை மாதா மாதம் கையைக் கடித்திருக்கும். அதே வேலைக்கு 450 ரூபாய் கிடைத்திருந்தால் 289 மணி போதும். இரண்டு ஷிஃப்டில் மயிரிழையில் தப்பியிருக்கலாம். வாங்குவதற்கு முன்பே ஒரு மாலை நேரத்தில் ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கக்கூடிய கணக்கு இது. தவணையில் அசலும் அடங்கியிருப்பதால் இது லாபக் கணக்கு அன்று, பணப்புழக்கக் கணக்கு என்பதும் உண்மைதான். ஆனால் சிறு பட்டறையை மூட வைப்பது பெரும்பாலும் பணப்புழக்கமே.

மூன்றாவது, பில் பணம் நேரத்துக்கு வரும் என்பது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து சரக்கோ சேவையோ பெற்றவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ளவர்கள் இதற்கென்றுள்ள அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். சட்டம் நல்ல சட்டம்தான், ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பவர் அவர் மீது புகார் செய்ய முடியாது என்பதே பட்டறைகளின் நடைமுறை. பணம் வர 90 நாள் ஆகும் என்றால், மூன்று மாதச் சம்பளத்தையும் தவணையையும் வாடகை முதலான நிலையான செலவுகளையும், உங்கள் கணக்கில் சுமார் இரண்டரை லட்சத்தை, மெஷின் விலையோடு சேர்த்தே திரட்டியிருக்க வேண்டும். அதைத் திரட்டாதபோதுதான் சீட்டுப் பணமும், நகைக் கடனும், கடைசியில் தண்டல் வட்டியும் உள்ளே வருகின்றன. ஐந்து ஆண்டு நிற்கும் சொத்துக்கு ஐந்து மாதக் கடனை உபயோகிப்பது, நல்ல முதலீட்டைக்கூடக் கெடுத்துவிடும்.

நான்காவது, வரி மிச்சமாகும் என்பது. "மார்ச் மாதத்துக்குள் வாங்கினால் வரி குறையும் என்றார்கள்" என்று உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. இந்த யோசனை ஆண்டுதோறும் எத்தனையோ பட்டறைகளுக்கு வேண்டாத மெஷினைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இயந்திரங்களுக்குப் பொதுவான தேய்மான விகிதம் 15 சதவீதம், அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அதில் பாதிதான். 30 லட்சத்துக்கு ஏழரை சதவீதம் என்றால் 2.25 லட்சம் கழிவு. 30 சதவீத வரி கட்டுபவராக இருந்தாலும் அந்த ஆண்டு மிச்சமாவது 67,500 ரூபாயும் அதன் மீதான செஸ்ஸும்தான். பழைய வரி முறையில் உற்பத்தித் தொழிலுக்குக் கூடுதல் தேய்மானம் உண்டு; புதிய முறையைத் தேர்ந்தவர்களுக்கு அது இல்லை. விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமான வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கோ, தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் கருதுவதால், மெஷின் வாங்கியதால் ஒரு ரூபாய்கூட வரி குறையாது. மானியத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விலையில் நாலில் ஒரு பங்கு மானியமாக வந்தாலும் மீதி முக்கால் பங்கு உங்களுடையது. மானியம் வந்து சேரத் தாமதமானால் அதற்குள் வட்டி ஓடும்.

இந்த நான்கில், வாடிக்கையாளர் எட்டாவது மாதத்தில் போய்விடுவார் என்பதை மட்டும் நீங்கள் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அதற்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பி வாங்குகிறோம் என்பது அன்றே தெரிந்த விஷயம். கோவையில் அதைச் சோதித்துப் பார்க்க மலிவான வழியும் இருந்தது. கணபதியிலும் சின்னவேடம்பட்டியிலும் குறிச்சி சிட்கோவிலும் வி.எம்.சி. வைத்து ஜாப் ஒர்க் செய்து தரும் பட்டறைகள் ஏராளம். வந்த வேலையை ஆறு மாதம் அவர்களிடம் கொடுத்து வாங்கியிருந்தால், லாபம் குறைந்திருக்கும்; ஆனால் வேலை தொடர்கிறதா, மாதம் எத்தனை மணி நேரம் தேவைப்படுகிறது, பணம் எத்தனை நாளில் வருகிறது என்ற மூன்றும் உங்கள் கையிலிருந்த எண்களாக மாறியிருக்கும். சொந்த மெஷின் இருந்தால்தான் வேலை தருவோம் என்று வாடிக்கையாளர் சொல்வதுண்டு. அப்போது பழைய மெஷின் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கித் தொடங்குவதையும் யோசிக்கலாம், அதன் துல்லியத்தை அளந்து பார்த்த பிறகு.

இனிமேல் செய்ய வேண்டியதாக நான் சொல்வது ஒரு நோட்டுப் புத்தகம். உங்கள் ஒரு மாத நிகர மிச்சத்தைத் தாண்டும் எந்தச் செலவுக்கும், பணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு பக்கம் எழுதுங்கள். எதற்காக வாங்குகிறேன், எத்தனை மணி நேர வேலை எதிர்பார்க்கிறேன், யார் தருவார்கள், அதற்கு என்ன எழுத்து ஆதாரம் இருக்கிறது, எதிர்பார்த்ததில் பாதி வந்தால் தவணையை எதிலிருந்து கட்டுவேன், எந்தத் தேதிக்குள் எது நடக்காவிட்டால் விற்றுவிடுவேன் என்று தேதி போட்டு எழுதி, அந்தப் பக்கத்தை அந்தச் செலவால் ஆதாயம் அடையாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். மனைவியாக இருக்கலாம், கூடப் பிறந்தவராக இருக்கலாம், பக்கத்துப் பட்டறைக்காரராக இருக்கலாம். மெஷின் விற்பவராகவும் கடன் வாங்கித் தருபவராகவும் மட்டும் இருக்கக் கூடாது. எழுதி வைப்பதன் பயன் ஓராண்டு கழித்துத் தெரியும். எழுதாவிட்டால், நடந்தது தெரிந்த பிறகு, நாம் அன்றே சந்தேகப்பட்டோம் என்றோ, அன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றோ நினைவு தன் போக்கில் மாற்றிச் சொல்லும்.

இந்த நோட்டுப் புத்தகம் செலவைத் தடுப்பதற்கு மட்டும் உரியது அன்று. பெரிய நட்டத்துக்குப் பிறகு பட்டறைக்காரர்கள் செய்யும் அடுத்த தவறு, தேவையான செலவையும் நிறுத்துவது. மலிவான இன்செர்ட் வாங்கி, அளவு மாறி, ஒரு லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆவதும், அளவுகருவிகளைக் காலாகாலத்தில் காலிப்ரேஷனுக்கு (துல்லியச் சோதனைக்கு) அனுப்பாமல் வாடிக்கையாளரின் ஆய்வில் மாட்டிக்கொள்வதும், காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுவதும் தவறான செலவு முடிவுகளே. பணம் வெளியே போகாததால் அவை நம் கண்ணில் படுவதில்லை. வாங்காமல் விட்டதையும் அதே நோட்டில் காரணத்தோடு எழுதினால், ஆறு மாதம் கழித்து அதையும் சோதிக்க முடியும்.

முதல் பக்கத்தில் இந்த வி.எம்.சி.யை எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில், இதற்கு முன்பு நீங்கள் வாங்கி நன்றாகப் போன லேத்தையும் இதே கேள்விகளோடு எழுதுங்கள். அதை வாங்கியபோது கையில் ஆர்டர் இருந்ததா, மணிக் கணக்குப் போட்டீர்களா, அல்லது அன்றும் ஒருவர் சொன்ன வார்த்தையை நம்பித்தான் வாங்கினீர்களா என்று பாருங்கள். கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், இந்த முறை எந்த அவசரத்தில் அது விடுபட்டது என்று தேடினால் போதும். அன்றும் வார்த்தையை மட்டுமே நம்பி வாங்கியிருக்கிறீர்கள் என்றால், நீங்கள் திருத்த வேண்டியது இந்த ஒரு கொள்முதலை அன்று, இதுவரை வாங்கி வந்த முறையையே.